பேகனின் போர்வையும் லண்டன் குளிரும்

கடையெழு வள்ளல்களுள் ஒருவனான பேகன், மயிலுக்குப் போர்வை அளித்த கதையை நாம் அனைவரும் படித்திருக்கிறோம். மயில் அதை உடுத்தாது, போர்த்திக்கொள்ளாது என்று தெரிந்தும் அவன் கொடுத்தான் என்று புறநானூறு 141ஆம் பாடலில் பரணர் கூறுகிறார். அடுத்த பாடலில், வற்றிய குளத்திலும் வயலிலும் உவர்நிலத்திலும் ஒன்றுபோலப் பெய்யும் மழைக்கு அவனை ஒப்பிடுகிறார். இதுவே 'கொடைமடம்'. "மயிலுக்கு எதற்குப் போர்வை?" என்று வகுப்பில் சிரித்தவர்களுள் நானும் ஒருவன்.

மேற்படிப்புக்காக லண்டன் சென்ற முதல் குளிர்காலத்தில் நானும் அதையே செய்தேன். வீடற்றோர் காப்பகம் ஒன்றுக்கு என் பழைய பருத்திச் சட்டைகளை ஒரு பை நிறையக் கொண்டுபோனேன். அங்கிருந்த தொண்டூழியர் நன்றி கூறிவிட்டு, "பருத்தி நனைந்தால் எளிதில் உலராது, உடல் சூட்டையும் இழுத்துக்கொள்ளும். புதிய கம்பளிக் காலுறை கிடைக்குமா?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது.

அன்று சில உண்மைகளைக் கற்றேன். உடலின் உள்வெப்பம் 35 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் உயிருக்கே ஆபத்து. வெறுந்தரையும் உடல் சூட்டை உறிஞ்சும். ஆகவே, மேலே போர்த்தும் கம்பளியைப் போலவே கீழே விரிக்கும் பாயும் முக்கியம். மது அருந்தினால் சூடு ஏறுவதுபோல் தோன்றும். ஆனால் அது தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்து, இருக்கும் சூட்டையும் வெளியேற்றிவிடும்.

இன்னொன்றும் அறிந்தேன். காப்பகத்தில் இடம் கேட்பவருக்கு அந்த வட்டாரத்தோடு தொடர்பு உண்டா, அவருடைய குடிநுழைவுத் தகுதி என்ன என்றெல்லாம் வழக்கமாகப் பார்ப்பார்கள். வெப்பநிலை 0 பாகைக்கு இறங்கும் என்று முன்னறிவிப்பு வந்தால், லண்டனில் அவசர ஏற்பாடு நடப்புக்கு வரும். அத்தகைய இரவுகளில் அந்தத் தகுதிகளைப் பார்க்காமல் இடம் கொடுப்பார்கள். தெருவில் உறங்குபவரைக் கண்டால் பொதுமக்கள் தகவல் தருவதற்கு 2012இல் 'ஸ்திரீட்லிங்க்' என்ற சேவையும் தொடங்கப்பட்டது.

அப்போதுதான் பரணரின் மழை எனக்கு விளங்கியது. யாருக்குக் கொடுப்பது என்பதில் கொடைமடம் வேண்டும். குளிரில் நடுங்குபவனிடம் தகுதி கேட்கலாகாது. ஆனால் எதைக் கொடுப்பது என்பதில் அறிவு வேண்டும். பேகன் பாடலில் நிலைத்துவிட்டான். என் பருத்திச் சட்டையோ ஒருவரையும் குளிரிலிருந்து காத்திருக்காது.

அடுத்த வாரம் முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டு, இருபது சோடிக் காலுறைகளோடு சென்றேன். பை சிறியதுதான். ஆனால் அன்று மாலைக்குள் ஒரு சோடியும் மிஞ்சவில்லை.

மாணவ நண்பர்களே, நம் நாட்டில் பனி இல்லை. ஆனால் வெள்ளம் வரும்போதெல்லாம் நாமும் பழந்துணி திரட்டுகிறோம். அடுத்த முறை பையைக் கட்டுமுன், "உங்களுக்கு என்ன தேவை?" என்று ஒரு வார்த்தை கேட்போம். ஈகை அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.