காஸா, டீசலா? போறணைக்கு எது கட்டுபடியாகும்?

கடந்த வாரம் மாவனெல்லைப் பக்கம் பேக்கரி நடத்தும் நண்பர் ஒருவர் கோல் எடுத்தார். "நானா, டீசல் பேர்னரைக் கழற்றிவிட்டு போறணையைக் காஸுக்கு மாற்றப் போறேன். மூன்று இலட்சம் செலவாகுமாம். மனைவியின் நகையை ஈடு வைக்கிறேன். பழைய பேர்னரை வாங்கவும் ஆள் வந்திருக்கு. என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். "ஒரு கிழமை பொறுங்க, பேர்னரை மட்டும் வித்துப் போடாதீங்க" என்றேன். நான் வித்துக் கைச்சேதப்பட்டவன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

டீசல் லீற்றர் கணக்கில் விற்கப்படுகிறது, காஸ் கிலோ கணக்கில். இரண்டின் விலையையும் நேராக ஒப்பிட்டால் பிழைத்துப் போகும். நாம் வாங்குவது உண்மையில் சூட்டைத்தான். ஒரு லீற்றர் டீசலில் ஏறத்தாழ 36 மெகா ஜூல் சூடு இருக்கிறது. ஒரு கிலோ காஸில் ஏறத்தாழ 46. அப்படியானால் 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று 16 லீற்றர் டீசலுக்குச் சமம். 37.5 கிலோ சிலிண்டர் 48 லீற்றருக்குச் சமம். சிலிண்டர் விலையை 16 ஆல் அல்லது 48 ஆல் பிரியுங்கள். வரும் தொகை அன்றைய டீசல் விலையை விடக் குறைவென்றால் காஸ் மலிவு, கூடவென்றால் டீசல் மலிவு. கல்லாப் பெட்டிக்கு மேலே எழுதி ஒட்டி வைக்க வேண்டிய கணக்கு இது.

இனி என் கதை. 2021 ஆரம்பத்தில் வீட்டுச் சிலிண்டர் 1,493 ரூபா. 16 ஆல் பிரித்தால் 93. டீசல் 104 ரூபா. லீற்றருக்கு 11 ரூபா மிச்சம். எனக்கு நாளைக்கு ஐந்து மூடை மா போகும், மூடைக்கு ஏழு லீற்றர். மாதம் பத்தாயிரம் ரூபா மிஞ்சும், இருபது மாதத்தில் போட்ட இரண்டு இலட்சமும் வந்துவிடும் என்று துள்ளிக்கொண்டு மாற்றினேன். பழைய பேர்னரை இரும்பு விலைக்குக் கொடுத்தேன்.

யூன் மாதம் டீசல் 111 ஆனது. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். அதே வருடம் ஒக்டோபரில் காஸுக்கான விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டது. சிலிண்டர் ஒரே தாவலில் 2,675 ரூபா! 16 ஆல் பிரித்தால் 167. பக்கத்துக் கடைக்காரர் 111 ரூபா டீசலில் பாண் சுட்டார். எனக்குப் போட்ட பணத்தில் பாதிதான் திரும்பியிருந்தது.

2022 இல் நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஏப்ரலில் சிலிண்டர் 4,860, அதாவது லீற்றருக்கு 304. டீசல் 289. இரண்டு மாதத்தில் டீசல் 460 ஆகி, கணக்கு மறுபடியும் தலைகீழாகிக் காஸ் மலிவானது. ஆனால் மலிவான சாமானைக் கண்ணால் காண வேண்டுமே! வரிசையில் வெறும் சிலிண்டர்தான் நின்றது. பின்வளவில் பாழடைந்து கிடந்த விறகுப் போறணையைத் துப்புரவாக்கித்தான் வேலையாட்களுக்குச் சம்பளம் கொடுத்தேன். டீசல்காரர்களும் சுகமாக இருக்கவில்லை. பேர்னரின் காற்றாடி சுழல மின்சாரம் வேண்டும். மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டில் அவர்களது போறணையும் ஆறிப்போனது.

ஆகவே பதினெட்டு மாதத்துக்குள் மலிவு எது என்பது ஒரு தடவைக்கு மேல் மாறியது. முதலீடு திரும்ப இருபது, முப்பது மாதம் எடுக்குமென்றால், அந்த மிச்சத்தை நம்பி நகையை ஈடு வைப்பது வியாபாரமா, பந்தயமா?

காஸில் நன்மை இல்லை என்று சொல்லவில்லை. டீசல் புகை பாணில் படக்கூடாது. அதனால் தகட்டுக்கு அப்பால் எரித்து, சூட்டில் ஒரு பங்கைப் புகைபோக்கிக்குக் கொடுக்கிறோம். காஸில் அந்த விரயம் குறைவு. சிறிய தீயாக வைக்கலாம், கேக், பிஸ்கட் போடுவோருக்கு அது பெரிய வசதி.

ஆனால் காஸ் என்பது ஒரே பொருள் அல்ல. நமது சிலிண்டரில் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. புரொப்பேன் பூச்சியத்துக்குக் கீழே 42 பாகையிலேயே ஆவியாகும், பியூட்டேனுக்குப் பூச்சியத்தை ஒட்டிய சூடு வேண்டும். பனி கொட்டும் நாடுகளில் வீட்டைச் சூடாக்கப் புரொப்பேனை எடுப்பது இதனால்தான். நம் நாட்டுச் சூட்டில் புரொப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். 2021 கடைசியில் அடுப்புகள் வெடித்தபோது பேசப்பட்டது இந்தக் கலவை விகிதத்தைத்தான். காஸ் காற்றை விடப் பாரமானது, கசிந்தால் தரையில் தங்கும். எனவே சிலிண்டரைக் கட்டடத்துக்கு வெளியே வையுங்கள், போறணை அறையில் தரையோடு காற்றுத் துவாரம் விடுங்கள். ஹோஸ், ரெகியூலேட்டர் விடயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒரே சிலிண்டரில் அதிகம் இழுத்தால் அது குளிர்ந்து வியர்க்கும், தீயும் தளரும். இரண்டு மூன்றைச் சேர்த்துப் பூட்டுவதே முறை.

நண்பரிடம் ஒரே ஒரு வேலை சொன்னேன்: ஒரு கிழமைக்கு, ஒரு மூடை மாவுக்கு எத்தனை லீற்றர் போகிறது என்று எழுதுங்கள். முந்தநாள் கோல் எடுத்தார். ஒன்பது லீற்றராம்! பேர்னரின் நொசிலைக் கழற்றிப் பார்த்தால் கரி அடைத்திருந்ததாம். துப்புரவாக்கி, கதவின் இடுக்கையும் அடைத்த பிறகு ஏழு. அவருக்கும் நாளைக்கு ஐந்து மூடை, பத்து லீற்றர் மிச்சம்.

நகை வீட்டில்தான் இருக்கிறது. பேர்னருக்கு வந்த ஆள் மட்டும் இன்னும் கோல் எடுத்துக்கொண்டிருக்கிறாராம்.