எட்டேகால் மணி லீவு மெசேஜ்

கம்பம், சின்னமனூர், உத்தமபாளையம் பக்கம் ஒரு ப்ளே ஸ்கூலிலோ கிரீச்சிலோ கோஆர்டினேட்டராகச் சேர்ந்திருக்கிறீர்களா? நீங்கள் ரைம்ஸ் பாடுவதை வைத்து ஓனர் உங்களை எடை போடப் போவதில்லை. காலை எட்டேகாலுக்கு "மேம், இன்னைக்கு வர முடியல, காய்ச்சல்" என்று வாட்ஸ்அப் வரும். எட்டரைக்குள் என்ன செய்தீர்கள் என்பதுதான் கணக்கு. விடியுமுன்பே ஏலத்தோட்டத்துக்கு ஜீப் ஏறிவிட்ட அம்மாவுக்குப் பதில் அப்பத்தா பிள்ளையோடு கேட்டில் நிற்பார். "ஆள் இல்லை, கூட்டிட்டுப் போங்க" என்றால் அடுத்த மாதம் அந்தப் பிள்ளை எதிர்த் தெரு சென்டரில் இருக்கும்.

1. காலண்டரில் மார்க் பண்ணுங்கள். திடீர் லீவு என்கிறோமே, அதில் பாதி திடீரென வருவதே இல்லை. சித்திரைக் கடைசியில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா எட்டு நாள். அக்கினிச்சட்டி நேர்ந்திருக்கும் ஆயாவைத் தடுத்துப் பார்க்காதீர்கள், தோற்பீர்கள். ஆவணி, தை முகூர்த்தங்கள், டெட் பரீட்சை, மலையில் ஏலக்காய் பறிப்பு மும்முரமாகும் மாதங்கள் எல்லாம் முன்கூட்டியே தெரிந்தவை. ஒரு மாதம் முன்பே தேதி கேட்டு வாங்குங்கள். ஒரே நாளை இருவர் கேட்டால், போன வருஷம் போனவர் இந்த முறை விட்டுக்கொடுக்க வேண்டும்.

2. ரிசர்வ் ஆள் இரண்டு பேர். குழந்தை உரிமைகள் பாதுகாப்புக்கான தேசிய ஆணையத்தின் ப்ளே ஸ்கூல் வழிகாட்டி, 20 பிள்ளைக்கு ஒரு டீச்சர், ஒரு பராமரிப்பாளர் என்கிறது. ஒருவர் வராவிட்டாலே அந்தக் கணக்கு உடையும், அதற்குத்தான் ரிசர்வ். கல்யாணமாகி வேலையை விட்ட பழைய ஸ்டாஃப்தான் நல்ல ரிசர்வ். பிள்ளைகளுக்கு முகம் தெரியும். போலீஸ் வெரிஃபிகேஷனை முதலிலேயே முடித்து வையுங்கள். சம்பளம் அன்று சாயங்காலமே ஜீபேயில் போக வேண்டும். அவசரத்துக்குத் தெரியாத ஆளைப் பிள்ளைகளோடு உட்கார வைப்பது மட்டும் கூடவே கூடாது.

3. வந்தவரைக் கவனியுங்கள். மனக்கசப்பு லீவு போட்டவரால் வருவதில்லை. அவர் வகுப்பையும் சேர்த்துப் பார்த்தவரிடம்தான் முளைக்கிறது. பெரும்பாலும் அது ஒரே ஆள்: பக்கத்துத் தெருக்காரர், "முடியாது" என்று சொல்லத் தெரியாதவர். இரண்டு வகுப்பு டிஃபன் பாக்ஸும் கலந்து கிடக்க, ஒரு கையில் அழுகிற பிள்ளை, மறு கையில் ஸ்பூன் என்று நிற்பார். அந்த நாளை ரிஜிஸ்டரில் அவர் பெயரோடு எழுதுங்கள். சனிக்கிழமைக்குள் காசாகவோ காம்ப் ஆஃபாகவோ கொடுத்துவிடுங்கள். "நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்ற டயலாக் வேண்டாம். குடும்பத்தில்தான் ஓசியில் வேலை வாங்குவார்கள் என்று அவருக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.

4. காய்ச்சல் என்றால் பேரம் பேசாதீர்கள். சம்பளத்தைப் பிடித்தால் டோலோ போட்டுக்கொண்டு வருவார். அந்த வாரக் கடைசியில் பாதி வகுப்பு மூக்கை உறிஞ்சும்.

5. திங்கள்தோறும் லீவா? தனியாகக் கூப்பிட்டுத் தேதிகளைக் காட்டிப் பேசுங்கள். கூடலூரிலிருந்து வருகிறவருக்குப் பஸ் நேரம்தான் பிரச்சினை என்றால் அரை மணி ஷிஃப்டை மாற்றினால் போதும். இரண்டு முறை பேசியும் மாறாவிட்டால் வேறு ஆள் தேடுங்கள்.

6. உங்கள் கணக்கையும் பாருங்கள். மாதம் ஒரு பக்கம்: எத்தனை நாள் ஆள் குறைந்தது, ரிசர்வுக்கு எவ்வளவு செலவு, எத்தனை பிள்ளைகள் நின்றார்கள். இன்க்ரிமென்ட் பேச அதைக் கையோடு கொண்டு போங்கள். ஓனர் மசியவில்லையா? 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்கள் கிரீச் வசதி தர வேண்டும் என்று 2017-லேயே சட்டம் வந்துவிட்டது. தேனி, ஆண்டிபட்டி மில் பக்கம் வேலை விசாரியுங்கள், அந்த மாதக் கணக்குப் பக்கங்களின் காப்பியோடு.