குளிர் காலநிலையும் நலிவுற்றோரின் சுகாதாரமும்

வல்வெட்டித்துறை யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில் அமைந்த கடலோர நகரமாகும். இங்கு நீர் உறையும் அளவுக்குக் குளிர் ஏற்படுவதில்லை. ஆயினும் மாரி மழையும் வாடைக்காற்றும் சேரும்போது குளிர் உயிராபத்தை விளைவிக்கலாம்.

2022 டிசெம்பரில் மாண்டஸ் சூறாவளியின்போது வடக்கு, கிழக்கு மாகாணங்களில் குளிர்காற்றும் மழையும் நிலவின. நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் இறந்தன. அதே நாட்களில் வளியும் மாசடைந்திருந்தமையால் டிசெம்பர் 9ஆம் திகதி பாடசாலைகள் மூடப்பட்டன. வெப்பநிலை மட்டுமன்றி நனைதல், காற்று, ஒதுங்க இடமின்மை என்பனவும் ஆபத்தைத் தீர்மானிக்கின்றன. இது மனிதருக்கும் பொருந்தும்.

உடலில் நிகழும் மாற்றங்கள்

உடலின் சாதாரண வெப்பநிலை ஏறத்தாழ 37°C ஆகும். குளிரின்போது தோலின் குருதிக்கலன்கள் சுருங்கும். தசைகள் நடுங்கி வெப்பத்தைப் பிறப்பிக்கும். குருதியமுக்கம் உயர்வதால் இதய நோயாளருக்கு ஆபத்து அதிகரிக்கும். உடலின் உள்வெப்பநிலை 35°C இலும் குறைவது தாழ்வெப்பநிலை எனப்படும். குழறிய பேச்சு, தடுமாற்றம், மயக்கம் என்பன இதன் அறிகுறிகளாகும். நடுக்கம் நின்றுவிடுவது குணமடைந்ததன் அடையாளமன்று; நிலை மோசமடைவதையே அது காட்டலாம்.

கூடிய ஆபத்துக்குள்ளாவோர்

1. தனித்து வாழும் முதியோர்: குளிரை உணரும் திறன் குறைவு, பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பின் கவனிப்பாரும் இல்லை.
2. பச்சிளங் குழந்தைகள்: உடல் வெப்பத்தை விரைவில் இழப்பர், குறைநிறைக் குழந்தைகளுக்கு ஆபத்து மேலும் அதிகம்.
3. கடற்றொழிலாளர்: ஈர உடையுடன் காற்றில் நெடுநேரம் இருப்பர்.
4. ஒழுகும் குடிசைகளிலும் தற்காலிகக் கொட்டில்களிலும் வசிப்போர்.
5. ஆஸ்துமா நோயாளர், போசாக்குக் குறைந்தோர்.

முதலுதவி

ஈர உடையை அகற்றி, உலர்ந்த போர்வையால் தலை உட்படப் போர்த்துக. சுயநினைவு இருப்பின் இளஞ்சூடான பானம் வழங்குக. கைகால்களைத் தேய்க்கலாகாது. மதுபானம் கொடுக்கலாகாது, அது தோலின் குருதிக்கலன்களை விரித்து வெப்ப இழப்பைக் கூட்டும். பூட்டிய அறையில் கரி எரித்தால் காபனோரொட்சைட்டு நஞ்சாகும். 1990 அம்புலன்ஸ் சேவையை அழைத்து வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க.

சமூகப் பொறுப்பு

போர்வையும் ஒழுகாத கூரையும் அயலவரின் விசாரிப்பும் மருந்துக்கு நிகரானவை. மழை நாட்களில் தனித்திருக்கும் முதியவரைக் காலையும் மாலையும் சென்று பார்ப்பது மாணவராகிய உங்களாலும் செய்யக்கூடியது. உதவி தேவைப்படுவோர் பற்றிக் கிராம அலுவலருக்கோ குடும்பநல உத்தியோகத்தருக்கோ அறிவியுங்கள்.

மாதிரி வினா

“குளிரின் தாக்கம் எல்லோருக்கும் சமமானதன்று.” இருவேறு சமூகப் பிரிவினரை உதாரணமாகக் கொண்டு விளக்குக.

குறிப்பு: பிரிவினரைப் பெயரிடுவதுடன் நிறுத்தாது, உடலியல் காரணம் ஒன்றையும் சமூகக் காரணம் ஒன்றையும் சேர்த்து எழுதுக.