ஸ்மார்ட் மீட்டர் வந்தால் கணக்குப் புரிந்துவிடுமா?

ஸ்மார்ட் மீட்டர் மாட்டிவிட்டால் கரண்ட் செலவு தானாகப் புரிந்துவிடும் என்பது ஒரு நம்பிக்கை. அந்த மீட்டர் வேகமாக ஓடி பில்லை ஏற்றிவிடும் என்பது இன்னொன்று. வீடுகளில் இப்போதே இருக்கும் டிஜிட்டல் மீட்டரைக் கவனித்தால் இரண்டையும் சரிபார்க்கலாம். ஒரு யூனிட்டுக்கு விளக்கு எத்தனை முறை சிமிட்டும் என்பது அதன் முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். பல சிங்கிள் ஃபேஸ் மீட்டர்களில் அது 3200. அப்படியானால் சிவப்பு விளக்கு நிமிடத்துக்கு 16 முறை சிமிட்டும்போது வீடு 300 வாட் இழுக்கிறது. ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்த பிறகும் சிமிட்டினால், எங்கோ ஒரு பிளக்கோ ஒயரிங்கோ கரண்ட் எடுக்கிறது. பத்து வாட் எடுக்கும் செட்டாப் பாக்ஸை இரவு பகலாக விட்டுவைத்தால் இரண்டு மாதத்தில் 14 யூனிட் போய்விடும். ஸ்மார்ட் மீட்டரும் இதே யூனிட்டைத்தான் அளக்கிறது. எண்ணை அலுவலகத்துக்குத் தானே அனுப்புவதுதான் வித்தியாசம்.

அந்த எண்கள் செல்போனில் வண்ண வரைபடமாக வந்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. தமிழ்நாட்டில் வீட்டு பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஸ்லாப் கணக்கில் வருகிறது. முதல் 100 யூனிட் இலவசம். 500ஐத் தாண்டினாலோ, கூடுதல் யூனிட்டின் விலை ஏறுவதோடு 101 முதல் 200 வரை கிடைத்த சலுகை விலையும் போய்விடும். அறுபது நாளுக்கு 500 என்றால் நாளுக்கு எட்டு யூனிட்டுக்குச் சற்று மேல். ரீடிங் எடுத்து எத்தனை நாள் ஆயிற்று, இதே வேகத்தில் போனால் எந்த ஸ்லாபில் நிற்போம் என்ற இரண்டையும் தமிழில் சொல்லாத வரைபடம் வீட்டுக்காரருக்கு உதவாது. ஸ்மார்ட் மீட்டரை நாளுக்கு ஒருமுறையாவது வாசித்து, அந்தத் தகவலை நுகர்வோருக்குத் தர வேண்டும் என்கிறது மத்திய அரசின் 2023ஆம் ஆண்டுத் திருத்த விதி. எண்ணைத் தருவதோடு கடமை முடிந்ததாக மின்வாரியம் நினைக்கக் கூடாது.

மீட்டரே தவறாக ஓடினால் என்ன செய்வது? இது நியாயமான அச்சம். அதே விதிகளின் 2024 திருத்தத்தின்படி, புகார் வந்த ஐந்து நாளுக்குள் இன்னொரு மீட்டரைப் பொருத்தி, குறைந்தது மூன்று மாதம் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஆனால் கையில் தினசரிக் குறிப்பு இருந்தால்தான் புகாருக்கு வலு. இன்று மாலை மீட்டர் எண்ணை நாட்காட்டியில் எழுதுங்கள். நாளை அதே நேரத்தில் மறுபடியும் எழுதுங்கள்.