ஏறிய எடை ஏன் இறங்குகிறது?

மயிலாப்பூர்ச் சந்தில் தகரக் கூரை போட்ட மாடி ஜிம் ஆகட்டும், அடையாறில் ஏசி ஓடும் கண்ணாடி ஜிம் ஆகட்டும், ஜனவரியில் பார் கிடைக்கக் காத்து நிற்க வேண்டும். சித்திரை பிறக்கும்போது பல முகங்களைக் காணோம். சோம்பேறிகள் என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. வராமல் நின்றவர்களில் பலர் நன்றாக உழைத்தவர்கள். முதல் இரண்டு மாதம் அவர்கள் தூக்கும் எடை மளமளவென்று ஏறியது, பிறகு அப்படியே நின்றது, சில நாள் இறங்கவும் செய்தது. “நமக்கு உடம்பு வாகு இல்லை” என்று முடிவுகட்டி விலகிவிட்டார்கள். அந்த முடிவுக்கு அவர்களைத் தள்ளுவது ஜிம்மில் வாய்வழியாகப் பரவும் சில நம்பிக்கைகள்.

நம்பிக்கை: ஒழுங்காகப் பயிற்சி செய்தால் வாராவாரம் எடை ஏறியே தீரும்.

உண்மை: உலகத் தரத்தில் தூக்குகிறவர்களுக்கே அப்படி ஏறுவதில்லை. வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கத்தை எடுத்துக்கொள்வோம். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் ஸ்நாட்சில் 149, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 179, ஆக 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். இரண்டு ஆண்டு கழித்து ரியோ ஒலிம்பிக்கில் அவர் தூக்கியது 329. இடைப்பட்ட காலத்தின் கடும் உழைப்புக்கு எண்ணில் தெரிந்த உயர்வு ஒரே ஒரு கிலோ. பிறகு தேசியப் போட்டியில் 194 கிலோவை முயன்றபோது தொடையில் காயம். 2018 கோல்டு கோஸ்டில் அவர் தூக்கியது 317. கிளாஸ்கோவைவிட 11 கிலோ குறைவு. அதற்கும் தங்கம்தான்.

ஜனவரியில் சேர்ந்தவருக்கு ஏன் ஏப்ரலில் தடை விழுகிறது என்பதற்கும் விளக்கம் உண்டு. முதல் சில வாரங்களில் கூடும் பலத்தில் பெரும்பங்கு நரம்பு மண்டலம் கற்றுக்கொள்வதால் வருவது. ஏற்கெனவே இருக்கும் தசையை மூளை முழுதாகப் பயன்படுத்தப் பழகுகிறது. மோரிடானி, டிவ்ரீஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1979-லேயே இதைக் காட்டினார்கள். அந்தச் சுலபமான லாபம் தீர்ந்தபிறகு புதுத் தசை வளர்ந்துதான் பலம் கூட வேண்டும். அது மெதுவான வேலை. சென்னையில் அந்த மெதுவான கட்டம் ஆரம்பிக்கும்போதே வெயிலும் வந்துவிடுகிறது. அக்னி நட்சத்திரத்தில் உடலைக் குளிரவைக்கவே இதயம் கூடுதலாக உழைக்கிறது, வியர்வையில் நீரும் உப்பும் போகின்றன, புழுக்கத்தில் இரவுத் தூக்கமும் கெடுகிறது. மூன்றாவது செட்டில் கை நடுங்கினால் பலம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. மே மாதத்தில் எடையைக் கொஞ்சம் குறைத்து, செட்டுக்குச் செட் ஓய்வைக் கூட்டி, விடிகாலையில் செய்யுங்கள்.

நம்பிக்கை: அடுத்த எடையைத் தூக்க முடியவில்லை என்றால் முன்னேற்றமே இல்லை.

உண்மை: அந்த அடுத்த எடை எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று முதலில் கணக்குப் போடுங்கள். நம் ஜிம்களில் பெரும்பாலும் ஆகச் சிறிய பிளேட் 1.25 கிலோ. பாரின் இரு பக்கமும் மாட்டினால் 2.5 கிலோ கூடும். 60 கிலோ ஸ்குவாட் செய்கிறவருக்கு அது நூற்றுக்கு நான்கு. தோளுக்கு மேல் 20 கிலோ தூக்கும் பெண்ணுக்கு அதே 2.5 கிலோ நூற்றுக்குப் பன்னிரண்டரை. டம்பெல்லில் 10-ஐ விட்டு 12.5-க்குப் போனால் நூற்றுக்கு இருபத்தைந்து! ஒரே வாரத்தில் யாரும் கால் பங்கு பலசாலி ஆகிவிட மாட்டார்கள். பழைய எடையிலேயே எட்டு முறையைப் பத்தாக, பத்தைப் பன்னிரண்டாக ஆக்குங்கள், அதுவும் முன்னேற்றம்தான். பிறகு அடுத்த டம்பெல்லை எடுத்தால் சில முறையாவது வரும்.

இடம் மாறினால் எண்ணும் மாறும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஒலிம்பிக் பார் என்றால் ஆண்களுக்கு 20 கிலோ, பெண்களுக்கு 15. தெரு ஜிம்மில் கிடக்கும் பாரின் எடை என்ன என்று மாஸ்டருக்கே தெரியாமல் இருக்கலாம். கேபிள் மெஷினில் கப்பி அமைப்பைப் பொறுத்து 40 என்று எழுதிய எடை கைக்கு 20 ஆகவும் வந்து சேரலாம். அடையாறில் அறுபது இழுத்தவர் வேலை மாறி தி.நகர் ஜிம்மில் நாற்பதோடு திணறினால் பதறத் தேவையில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டில் ஜிம், மெஷின், எடை, எத்தனை முறை என்று எழுதி வாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை புரட்டிப் பாருங்கள், தினம் தினம் வேண்டாம்.

நம்பிக்கை: இரண்டு மாதம் விட்டால் எல்லாம் போச்சு.

உண்மை: கல்யாணம், பரீட்சை, பிரசவம், டெங்கு என்று வாழ்க்கையில் இடைவெளி விழாமல் இருக்காது. பின்லாந்தின் யுவாஸ்குலா பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2024-இல் வெளிவந்தது. ஒரு குழு தொடர்ந்து 20 வாரம் பயிற்சி செய்தது. இன்னொரு குழு 10 வாரம் செய்து, 10 வாரம் முழுக்க விட்டுவிட்டு, மீண்டும் 10 வாரம் செய்தது. முடிவில் இரு குழுவினருக்கும் பலமும் தசை அளவும் ஏறக்குறைய ஒரே அளவில் கூடியிருந்தன. விட்டவர்கள் இழந்ததைத் திரும்பப் பிடிக்கச் சில வாரங்களே ஆயின. இந்தச் செய்தியை, வெட்கப்பட்டுக்கொண்டு ஜிம் பக்கமே வராதவர்கள் ஒவ்வொருவரிடமும் சொல்ல ஆசைப்படுகிறேன். பழைய எடையில் பாதியோடு ஆரம்பியுங்கள், போதும்.

நம்பிக்கை: புரட்டாசியில் கறி நிறுத்தினால், மாலை போட்டால், பலம் இறங்கிவிடும்.

உண்மை: புரதம் குறைந்தால் இறங்கலாம், கறி குறைவதால் இல்லை. சாதாரண ஆளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். எடை தூக்குகிறவருக்கு 1.6 கிராம் வரை பயன் தரும் என்று ஆய்வுகள் சொல்கின்றன. 60 கிலோ ஆளுக்கு அது 96 கிராம். காலையில் மூன்று இட்லி தருவது 5, 6 கிராம்தான். ஆனால் 50 கிராம் மீல்மேக்கரில் 26, அரை லிட்டர் பாலில் 16, ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் 14 கிராம் கிடைக்கும். மீதியைச் சோறு, பருப்பு, தயிரில் தேற்றலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

நம்பிக்கை: மறுநாள் உடம்பு வலிக்கவில்லை என்றால் பயிற்சி வீண்.

உண்மை: வலி பழக்கமில்லாத வேலைக்கு வருவது. பழகப் பழகக் குறையும். வளர்ச்சிக்கு அது அளவுகோல் ஆகாது.

நம்பிக்கை: கூட வந்தவன் வளர்ந்துவிட்டான், எனக்கு ஊசி போட்டால்தான் ஏறும்.

உண்மை: 2005-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 585 பேருக்கு 12 வாரம் ஒரே கைப்பயிற்சி தந்தார்கள். சிலருக்குப் பலம் கொஞ்சமும் கூடவில்லை. சிலருக்கு இரண்டு மடங்குக்கும் மேல் கூடியது. உடலுக்கு உடல் அத்தனை வேறுபாடு இருக்கிறது. அந்த வேறுபாட்டைக் காட்டி இருபது வயதுப் பையன்களிடம் ஸ்டீராய்டு விற்கிறவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. வெளியிலிருந்து ஏற்றும் டெஸ்டோஸ்டிரோன் உடலின் சொந்தச் சுரப்பை நிறுத்தும், விந்தணுவைக் குறைக்கும், இதயத் தசையைத் தடிக்கவைக்கும். மாத்திரையாக விழுங்குவது கல்லீரலைக் கெடுக்கும். தம்பி, மாஸ்டரே நீட்டினாலும் வாங்காதே. ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால், வீட்டுக்குத் தெரிந்துவிடுமே என்று மறைக்காமல், ஹார்மோன் மருத்துவர் ஒருவரை இந்த வாரமே போய்ப் பார்.