கடிதத்தில் 'ஐ' போடுவதா, 'மீ' போடுவதா?

கம்பெனிகளுக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதும்போது, பக்கத்துக் கடைக்காரரோடு நம்மை ஒப்பிட்டு எழுத நேர்வதுண்டு. தமிழில் 'என்னைவிட' என்றால் போதும். ஆங்கிலத்திலோ 'தேன்' என்று எழுதியபின் 'ஐ' வருமா, 'மீ' வருமா என்று பார்க்க வேண்டும். அந்த ஒரு சொல் மாறினால் பொருளே மாறிவிடும்.

கம்பெனி நமக்கு 15 நாள் தவணையும், பக்கத்துக் கடைக்கு 30 நாள் தவணையும் தருவதாக வைத்துக்கொள்வோம். 'யூ கிவ் ஹிம் மோர் கிரெடிட் தேன் மீ' என்றால், எனக்குத் தருவதைவிட அவருக்கு அதிகக் கடன் தருகிறீர்கள் என்று பொருள். நம் குறை இதுதான். 'தேன் ஐ' என்று முடித்தாலோ, அவருக்கு நான் தரும் கடனைவிட நீங்கள் அதிகம் தருகிறீர்கள் என்றாகிவிடும். நாம் அவருக்குக் கடன் கொடுத்ததே இல்லையே!

சரிபார்க்க எளிய வழி, விடுபட்ட வினைச்சொல்லைச் சேர்த்துப் படிப்பதுதான். 'தேன் யூ கிவ் மீ' என்னும்போது பெறுபவர் நாம், ஆகவே 'மீ'. 'ஹீ செல்ஸ் மோர் ரைஸ் தேன் ஐ டூ' என்னும்போது விற்பவர் நாம், ஆகவே 'ஐ'.

பேச்சு வழக்கில் 'ஹீ செல்ஸ் மோர் ரைஸ் தேன் மீ' என்று ஆங்கிலேயரே சொல்வதுண்டு. பொருள் புரிவதால் பேச்சில் அது குற்றமில்லை. ஆனால் கடன், கமிஷன், விலை பற்றிய கடிதங்களில் வினைச்சொல்லையும் சேர்த்தே எழுதுவோம். இரண்டு சொல் கூடுவதால் நமக்கு நஷ்டமில்லை. கேட்டது கிடைக்க வழி பிறக்கும்.