மதிய உணவை யாருடன் சாப்பிடுகிறாய்?
முதல் வகை நீரிழிவுள்ள குழந்தைகளின் பெற்றோருக்கு

சென்ற ஜூன் மாதம் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி தன் தாயுடன் எமது புறநோயாளர் பிரிவுக்கு வந்திருந்தாள். அவளுக்கு முதல் வகை நீரிழிவு இருப்பது தெரிந்து ஓராண்டு ஆகியிருந்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு நன்றாகவே இருந்தது. தாயின் குறிப்பேட்டில் ஒரு வேளைகூட விடுபடவில்லை. பாராட்டிவிட்டுச் சிறுமியிடம், "மதிய உணவை யாருடன் உட்கார்ந்து சாப்பிடுகிறாய்?" என்று கேட்டேன். அவள் தாயின் முகத்தைப் பார்த்தாள். பதில் தாயிடமிருந்தே வந்தது: "நான்தான் தினமும் பள்ளிக்குப் போகிறேன், டாக்டர். தனி அறையில் ஊசி போட்டு, சாப்பிட வைத்துவிட்டு வருகிறேன். இவளுக்கு இப்படி இருப்பது ஒரு பிள்ளைக்கும் தெரியாது."

அந்த உழைப்பைக் குறை சொல்ல எவருக்கும் மனம் வராது. ஆனால் அந்தக் குழந்தை ஓராண்டாகத் தோழியருடன் அமர்ந்து உண்ணவில்லை. அந்தக் கேள்வியை முதல் மாதமே நான் கேட்டிருக்க வேண்டும். இரத்தச் சர்க்கரையின் எண்களையே பார்த்துக்கொண்டிருந்ததில் அது தவறிப்போயிற்று.

ஆறு வயது முதல் பத்து வயது வரையிலான பருவம் உடல் வளர்ச்சிக்கு மட்டும் உரியதன்று. அதுவரை வீட்டாரின் கண்களால் தன்னைப் பார்த்த குழந்தை, இப்போது சக மாணவரின் நடுவே தன்னை அளந்து பார்க்கத் தொடங்குகிறது. 'என்னால் இதைச் செய்ய முடிகிறது' என்ற உணர்வும் 'நான் மற்றவரைவிடக் குறைந்தவன்' என்ற உணர்வும் போட்டியிடும் காலம் இது என்பார் உளவியலாளர் எரிக் எரிக்சன். தன்னால் முடியும் என்னும் நம்பிக்கை எங்கிருந்து பிறக்கிறது என்பதை ஆல்பர்ட் பண்டூரா 1977ஆம் ஆண்டில் விளக்கினார். பிறர் சொல்லும் ஊக்கமொழியும் உதவும். தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் காண்பதும் உதவும். எனினும் தானே செய்து வெற்றி கண்ட அனுபவத்துக்கு ஈடு வேறில்லை என்பது அவர் முடிவு. நீரிழிவுள்ள குழந்தைக்கு எல்லாவற்றையும் நாமே செய்துவிட்டால் அந்த அனுபவம் எப்படி வாய்க்கும்?

இதைப் படித்ததும் ஊசியைக் குழந்தையிடம் ஒப்படைத்துவிட வேண்டா. தொடக்கப்பள்ளி வயதில் இன்சுலின் அளவைத் தீர்மானிப்பது பெரியவர்களின் பொறுப்பு. ஆனால் ஆறு வயதுக் குழந்தை எந்த விரலில் குத்துவது என்று தானே தேர்ந்தெடுக்கலாம். குளுக்கோமீட்டர் காட்டும் எண்ணை உரக்கப் படிக்கலாம். எட்டு, ஒன்பது வயதில் பலரும் பெரியவர் அருகிலிருக்கத் தாமே பரிசோதித்துக்கொள்கிறார்கள். சிலர் ஊசியும் போட்டுக்கொள்கிறார்கள். கை தவறும், ஒரு பட்டை வீணாகும். பட்டையின் விலை எனக்கும் தெரியும். ஆயினும் அதற்காகக் கடிந்துகொள்ள வேண்டா.

அடுத்தது, மறைத்தல். பெண் குழந்தை என்றால் 'நாளைக்குக் கல்யாணம்' என்ற அச்சம் எட்டு வயதிலேயே வந்துவிடுகிறது. அந்த அச்சத்தை நான் ஏளனம் செய்ய மாட்டேன். நம் சமூகம் அதற்குக் காரணம் தந்திருக்கிறது. ஆனால் மறைப்பதில் உடனடி ஆபத்து ஒன்று உண்டு. இரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கும்போது குழந்தைக்குக் கை நடுங்கும், வியர்க்கும், பசிக்கும். காரணமின்றி அழுகை அல்லது கோபம் வரும். இன்னும் இறங்கினால் தன் நிலையைச் சொல்லவும் இயலாமற்போகும். அப்போது முதலில் கவனிக்கக்கூடியவர், நாற்பது பிள்ளைகளைப் பார்க்கும் ஆசிரியரைவிட, அதே பெஞ்சில் அமர்ந்திருக்கும் தோழியே. அவள் செய்ய வேண்டியது ஆசிரியரை அழைப்பது மட்டுமே. ஆசிரியர் உடனே குளுக்கோஸ் தர வேண்டும். 30 கிலோ எடையுள்ள குழந்தைக்குச் சுமார் 9 கிராம், அதாவது ஏறத்தாழ இரண்டு தேக்கரண்டி. பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் பரிசோதிக்க வேண்டும். சாக்லேட்டில் உள்ள கொழுப்பு சர்க்கரை சேர்வதைத் தாமதப்படுத்தும் என்பதால் அவ்வேளைக்கு அது ஏற்றதன்று. நினைவிழந்த குழந்தையின் வாயில் எதையும் ஊற்றலாகாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும்.

எனவே வகுப்பாசிரியருக்கும், குழந்தை தானே தேர்ந்தெடுக்கும் ஓரிரு நண்பர்களுக்கும் சொல்லுங்கள். என்ன சொல்வது என்பதை வீட்டில் பேசிப் பழகட்டும். "என் உடம்பில் இன்சுலின் சுரப்பதில்லை, அதனால் ஊசி போடுகிறேன். இது ஒட்டிக்கொள்ளாது. மிட்டாய் தின்றதால் வந்ததும் இல்லை." இவ்வளவு போதும். அப்பா கேலி செய்யும் பிள்ளையாக நடிக்கலாம், பாட்டி பிறந்தநாள் சாக்லேட் நீட்டலாம். "நன்றி, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பாட்டோடு சாப்பிடுகிறேன்" என்று சொல்லத் தெரிந்த குழந்தை வெட்கி ஒதுங்க வேண்டியதில்லை. தன்னை அறிதல், கருத்தை எடுத்துரைத்தல், உறவு பேணல் என்று உலக சுகாதார நிறுவனம் பட்டியலிட்டுள்ள வாழ்க்கைத் திறன்கள் இந்த ஒரு வாக்கியத்திலேயே பழகிவிடுகின்றன.

உடற்கல்வி வகுப்பில் குழந்தையை மர நிழலில் உட்கார வைக்கும் வழக்கம் சில பள்ளிகளில் இன்னும் இருக்கிறது. விளையாடட்டும். ஓட்டம் சர்க்கரையைக் குறைக்கும் என்பதால் முன்னதாகப் பரிசோதித்து, தேவையானால் சிறிது உண்டுவிட்டு, குளுக்கோஸ் பொட்டலத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஓடட்டும். இந்த வயதில் நட்பு பெரும்பாலும் மைதானத்தில்தான் உண்டாகிறது.

அந்தச் சிறுமி ஆகஸ்டில் மறுபடி வந்தாள். இப்போது மதியம் ஆசிரியை பார்த்துக்கொள்ள, தாய் தொலைபேசியில் அளவைச் சொல்கிறார். சில நாள்கள் எண்கள் சற்றுக் கூடியிருந்தன. இன்சுலின் அளவை மாற்றிச் சரிசெய்தோம். இரண்டு தோழிகளில் ஒருத்தியோடு சண்டை என்றாள். ஊசி பற்றியோ நோய் பற்றியோ என்று பதறிக் கேட்டேன். இல்லையாம், ஏதோ வண்ணப் பென்சிலைத் திருப்பித் தரவில்லையாம். தாயும் நானும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம்.

பள்ளிக்குத் தர வேண்டிய விளக்கக் கடிதத்தை அடுத்த முறை வரும்போது எங்களிடம் கேட்டுப் பெறுங்கள். குழந்தையின் எடையையும் ஆசிரியரின் தொலைபேசி எண்ணையும் அதில் குறித்துத் தருவோம். கடிதத்தைக் குழந்தையே ஆசிரியரிடம் கொடுக்கட்டும். நீங்கள் அருகில் நின்றால் போதும்.